திருமலை வீட்டுக்குத் திரைச்சீலை: துணிக்கு முன்னால் பைப்பைப் பாருங்கள்

திருகோணமலைக்கு வீடு மாறி வருபவர்கள் சாமான்களை இறக்கிய மறுநாளே மத்திய வீதிக்குப் போய்த் திரைச்சீலைத் துணி வாங்கி வந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். பூப்போட்ட பருத்தித் துணி, நல்ல தையல். அதைத் தொங்கவிட, வெள்ளிபோலப் பளபளத்த ஒரு பைப்பை விலை குறைவு என்று எடுத்தேன். எங்கள் வீடு டச்சு வளைகுடாப் பக்கம். எட்டே மாதத்தில் பைப் கறள் பிடித்து, வளையங்கள் நகர மறுத்து, சீலையின் மேல்விளிம்பு முழுக்கச் செம்மண் நிறத்தில் வட்டம் வட்டமாகக் கறை. கடைசியில் பைப்பையும் மாற்றினேன், துணியையும் மாற்றினேன்.

ஆகவே இந்த ஊரில் முதன்முதலாகத் திரைச்சீலை போடுகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒழுங்கு வேறு. முதலில் யன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். அடுத்தது பைப். அதற்கப்புறம் அளவு. துணியின் நிறமும் பூவும் நாலாவதாக வரட்டும்.

யன்னல் எந்தப் பக்கம்?

நகரத்தின் ஒரு பக்கம் உள்துறைமுகம், மறுபக்கம் டச்சு வளைகுடாவும் பின்வளைகுடாவும். இடையில் ஒடுங்கிய நிலம். கோணேசர் மலைக்குப் போகும் வழியில் நின்று பார்த்தாலே தெரியும், இங்கே உப்புக்காற்று படாத வீடு என்று தேடிப் பிடிப்பது கஷ்டம். உப்புவெளி, நிலாவெளி கரையோரம் என்றால் சொல்லவே வேண்டாம். பாலையூற்று, அன்புவழிபுரம் போலக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருப்பவர்களுக்கு உப்பு குறைவு, வெக்கை கூட.

கிழக்கு யன்னலுக்கு ஆறரை மணிக்கே வெயில் வந்துவிடும். அது பெரிய தொல்லை இல்லை. தொல்லை மாரியில்தான். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று மழையைச் சாய்த்து அடிக்கும்போது, யன்னலைப் பூட்டியிருந்தாலும் மரச்சட்டத்தின் இடுக்கால் தண்ணீர் வரும். அங்கே தரையைத் தொடும் தடித்த பருத்திச் சீலை போட்டால் தை மாதத்தில் கீழ்விளிம்பில் கரும்புள்ளி பூத்திருக்கும். கிழக்குப் பக்கத்துக்கு மெல்லியதாக, கெதியாகக் காயும் துணிதான் சரி.

மேற்கு யன்னலின் எதிரி கச்சான். வறுத்துத் தின்னும் கச்சான் இல்லை, காற்று. வைகாசி பிறந்தால் தரைப்பக்கமிருந்து சூடாகவும் வரட்சியாகவும் வீசி, புழுதியையும் கூட்டிக்கொண்டு வரும். அந்த அறைக்குத்தான் தடித்த சீலை வேண்டும். பகல் பதினொரு மணிக்கு யன்னலையும் சீலையையும் மூடி, கடற்காற்று திரும்பியதும் திறந்தால் இரவில் அறை படுக்கக்கூடியதாக இருக்கும்.

வடக்கு யன்னலை எல்லாரும் மறந்துவிடுவார்கள். வடக்கில் வெயில் படாது என்பது எங்கள் ஊருக்குப் பாதிதான் பொருந்தும். நாங்கள் இருப்பது வட அகலாங்கு எட்டரைப் பாகையளவில். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிச் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வரும். அன்றிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் வெயில் வடக்குப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். காலையிலும் மாலையிலும் அது வடக்கு யன்னலுக்குள் சரிவாக நுழையும். மார்கழி வெயில் தெற்கு யன்னலுக்கு. அது இதமான வெயில், விட்டுவிடலாம்.

பைப்

கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் பொம்மைக் காந்தமே போதும். பைப்பில் இறுக்கமாக ஒட்டினால் உள்ளே இரும்பு. மேலே பூசிய பளபளப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெட்டிய நுனியிலும் திருகாணித் துளையிலும் கறள் தொடங்கிவிடும். ஒட்டாவிட்டால் அலுமினியமாகவோ ஒட்டாத வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ இருக்கும். இரண்டும் நல்லது. ஸ்டெயின்லெஸ் கொஞ்சம் மங்கும், ஈரத்துணியால் துடைத்தால் போதும். மரப் பைப்புக்கு உப்பு ஒன்றும் செய்யாது. ஆனால் கறையான் வரும் வீடென்றால் யோசியுங்கள்.

பலர் மறக்கும் இடம் ஒன்று உண்டு. பைப்பை நல்லதாக வாங்கிவிட்டு, தாங்கியையும் திருகாணியையும் பெட்டியோடு வந்ததே என்று பாவிப்பார்கள். அந்தத் திருகாணி அநேகமாக இரும்புதான். கறள் சுவரில் வழிந்து கோடு போடும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் திருகாணியைத் தனியாக வாங்குங்கள். செலவு ஒரு பிளேன்ரீ அளவுதான் கூடும்.

பழைய வீடுகளில் பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்பிரிங் கம்பியை இரண்டு கொக்கியில் இழுத்து மாட்டியிருப்பார்கள். மூன்றடி யன்னலுக்கும் மெல்லிய சீலைக்கும் அது இன்னும் நல்ல ஏற்பாடுதான். அதற்கு மேல் அகலம் போனால் நடுவில் தொய்ந்து, சீலை சிரிக்கிற மாதிரி வளைந்து நிற்கும்.

அளப்பது

தையல் நாடாவால் அளக்காதீர்கள், அது காலப்போக்கில் இழுபட்டிருக்கும். இரும்பு அளவுநாடாவை எடுங்கள். யன்னல் நிலையின் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். பைப் இரு பக்கமும் எட்டு அங்குலம் நீண்டிருக்கட்டும். அப்போதுதான் சீலையை ஒதுக்கும்போது அது சுவர்மேல் போய் நிற்கும், காற்று வரும் வழியை மறைக்காது. இந்த ஊரில் யன்னலின் ஓரங்குலத்தையும் வீணாக்கக் கூடாது.

உயரம் நிலைக்கு மேலே ஆறு அங்குலமளவில். யன்னலுக்கு மேலே காற்றுத்துவாரம் இருந்தால் அதற்கும் மேலே பைப்பைக் கொண்டுபோக வேண்டாம். சூடான காற்று வெளியேறுகிற வழி அது, அதைச் சீலையால் மூடினால் அறை அவியும்.

கணக்கை ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். நாலடி யன்னல், அதாவது 48 அங்குலம். இரு பக்கமும் எட்டெட்டுச் சேர்த்தால் பைப் 64 அங்குலம். சீலை சுருக்கம் சுருக்கமாக அழகாக விழ வேண்டுமென்றால் துணியின் அகலம் பைப்பைப் போல் இரண்டு மடங்கு, அதாவது 128 அங்குலம். ஒன்றரை மடங்கிலும் வளையச் சீலை, அதாவது மேல்விளிம்புத் துணியிலேயே வளையம் பதித்துப் பைப்பில் கோர்க்கும் சீலை, பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதற்குக் குறைந்தால் மூடும்போது போர்வை விரித்த மாதிரித் தட்டையாக நிற்கும். நெட் துணிக்கு மட்டும் இரண்டரை மடங்கு கொடுங்கள், மெலிந்த துணிக்குச் சுருக்கம்தான் உடம்பு.

நீளத்துக்கு வருவோம். தரையிலிருந்து பைப் 84 அங்குல உயரத்தில் என்று வையுங்கள். வளையத்துக்கு மேலே ஒன்றரை அங்குலம் துணி நிற்கும், கீழே தரைக்கும் சீலைக்கும் அரை அங்குலம் இடைவெளி. தைத்து முடித்த நீளம் 85. மேல் மடிப்புக்கு 5, கீழ் மடிப்புக்கு 5 சேர்த்தால் வெட்டவேண்டியது 95 அங்குலம்.

54 அங்குல அகலத் துணி என்றால் இரண்டு துண்டுக்கு 190 அங்குலம், ஐந்து மீற்றர் வாங்கலாம். ஓர மடிப்புப் போனபின் இது ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டும். முழு இரண்டு மடங்கு வேண்டுமென்றால் மூன்று துண்டு வேண்டும், அது ஏழரை மீற்றர். பூ, கோடு பொருந்த வேண்டிய துணியானால் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பூவின் நீளத்தைக் கூட்டுங்கள்.

இதற்குள் ஒரு சின்ன வித்தை இருக்கிறது. சில கடைகளில் 110 அங்குல அகலத்தில் திரைச்சீலைத் துணி வரும். அதைக் குறுக்கே திருப்பினால் துணியின் அகலமே சீலையின் உயரமாகிவிடும். அதே யன்னலுக்கு 128 அங்குலத்தோடு ஓர மடிப்புக்கு ஆறு சேர்த்து 134, மூன்றரை மீற்றரில் காரியம் முடியும், நடுவில் மூட்டும் விழாது. பூ நிமிர்ந்து நிற்கும் துணியானால் இது சரிவராது, ரோசாக்கள் எல்லாம் படுத்துக் கிடக்கும்.

துணி

பருத்தியா பொலியெஸ்டரா என்று கேட்டால், மனசு பருத்தி என்று சொல்லும். மருதமுனைக் கைத்தறித் துணியில் தைத்த சீலை ஒன்று எங்கள் ஹோலில் இருக்கிறது. காற்றில் அது அசைகிற விதமே தனி. ஆனால் பருத்தி சுருங்கும். 95 அங்குலத்தில் நாலு அங்குலம் போனால் சீலை அரைக்காற்சட்டை போட்ட மாதிரி நிற்கும். எனவே வெட்டுவதற்கு முன் துணியை ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டுப் பிறகு தையலுக்குக் கொடுங்கள். கடும் நிறமானால் ஊறவைக்கும்போதே சாயம் போகிறதா என்றும் தெரிந்துவிடும்.

பொலியெஸ்டர் சுருங்காது, வெயிலில் மெதுவாகத்தான் நிறம் மங்கும், துவைத்தால் ஒரு மணித்தியாலத்தில் காயும். கிழக்கு யன்னலுக்கும் வெளிவாசலை ஒட்டிய இடங்களுக்கும் அதுவே புத்தி. மேற்கு அறைக்கு வெளிச்சம் புகாத தடித்த துணி, பிளாக்கவுட் என்று கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும் வகையைப் பாருங்கள், வெயிலைத் திருப்பி அனுப்பும். விலை அதிகமென்று தோன்றினால் சாதாரணச் சீலைக்கே பின்னால் மங்கல்வெள்ளைத் துணி ஒன்றை லைனிங்காகத் தைத்துவிடலாம். வெயில் தின்பது அந்தத் துணியைத்தான், முன்சீலை தப்பும்.

நிறத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று: கடையின் ட்யூப் வெளிச்சத்தில் தெரிகிற நிறம் வீட்டு நிறமல்ல. ஒரு முனையை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, துணிக்குப் பின்னால் கையைப் பிடித்துப் பாருங்கள். விரல்கள் எண்ணக்கூடியதாகத் தெரிந்தால், இரவில் விளக்கைப் போட்டதும் நீங்களும் வீதிக்கு அப்படியேதான் தெரிவீர்கள்.

தையல்

எங்கள் ஒழுங்கையில் தைக்கும் அக்காவிடம் முதல்முறை போனபோது, "எத்தனை வளையம் வைக்கிறது, தம்பி?" என்று கேட்டார். ஏதோ ஞாபகத்தில் பதினொன்று என்றேன். சிரித்துவிட்டு, "ஒற்றையில வைச்சா ஒரு கரை சுவரைப் பார்க்கும், மற்றக் கரை உங்களைப் பார்க்கும்" என்றார். அதுதான் விஷயம். வளையம் எப்போதும் இரட்டை எண்ணில் இருக்க வேண்டும், அப்போதுதான் இரண்டு ஓரமும் சுவர்ப்பக்கம் மடிந்து நிற்கும். ஆறு அங்குலத்துக்கு ஒன்று என்ற கணக்கில் போகலாம். வளையம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும், இரும்பு வளையம் எங்கள் காற்றுக்கு ஆகாது. பைப்பை வாங்கிய பிறகு வளையத்தை வாங்குங்கள், உள்வட்டம் பைப்பைவிட அரை அங்குலமாவது பெரிதாக இருந்தால் இழுக்கச் சுகம்.

கீழ் மடிப்பை இரட்டையாக மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். கச்சான் நாளில் பாரமில்லாத சீலை மின்விசிறி வரை பறக்கும். இன்னும் பாரம் வேண்டுமென்றால் சில்லறைக் காசு வைத்துத் தைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. வேண்டாம், அதுவும் துணியில் கறை வைக்கும். மீன்வலைக்குக் கட்டும் ஈயக்குண்டை மூலைமடிப்புக்குள் வைத்துத் தைப்பவர்களும் இருக்கிறார்கள், நல்ல பாரம்தான். ஆனால் தவழும் பிள்ளை இருக்கிற வீட்டில் ஈயம் வேண்டவே வேண்டாம், எதையும் வாயில் வைக்கிற வயசு அது.

சுவரில் பூட்டுவது

ட்ரில் மெஷின் இல்லாவிட்டால் தெரிந்த மேசன் பாஸ் ஒருவரைக் கூப்பிடுவதே நல்லது. நீங்களே செய்வதென்றால் இப்படி.

பைப்பின் உயரத்தைக் கூரைத்தட்டிலிருந்து அளக்க வேண்டாம். பழைய வீடுகளில் கூரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், தரையும் அப்படித்தான். மேசன்மார் பாவிக்கும் தண்ணீர்க் குழாய் முறையைப் பாருங்கள். தெளிவான பிளாஸ்டிக் குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் யன்னலின் இருபுறமும் பிடித்தால், தண்ணீர் நிற்கும் மட்டம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும். அங்கே பென்சிலால் குறியுங்கள். குறித்தபின் நாலடி தள்ளி நின்று ஒருமுறை பாருங்கள். யன்னல் நிலையே சரிந்திருந்தால், மட்டமான பைப்தான் கோணலாகத் தெரியும். அப்போது கண்ணுக்கு இதமாக இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம் செய்துகொள்ளலாம்.

துளையிடும் இடத்துக்கு நேர் கீழேயோ நேர் மேலேயோ ஸ்விட்ச், பிளக் பொயின்ட் இருந்தால் வயர் சுவருக்குள்ளே நேராக ஓடும். அந்தக் கோட்டில் கைவைக்காதீர்கள். இருக்கிறதா என்று சந்தேகமானால் இடத்தை மாற்றுங்கள்.

6 மில்லிமீற்றர் பிட், அதே அளவு ரோல் பிளக் (திருகாணியைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை), ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாத திருகாணி. பிட்டில் பிளக்கின் நீளத்தைவிடச் சற்றுக் கூடிய இடத்தில் ஒரு டேப் துண்டைச் சுற்றிவிட்டால் எவ்வளவு ஆழம் போயிற்று என்று தெரியும். பிளக் பூச்சைத் தாண்டிக் கல்லுக்குள் இறங்க வேண்டும். பூச்சில் மட்டும் நின்றால், பிள்ளைகள் சீலையை ஒருதரம் இழுத்ததும் தாங்கியோடு வந்துவிடும்.

யன்னலுக்கு நேர் மேலே லின்ரல் என்கிற கொங்கிறீற் உத்தரம் இருக்கும். சாதாரண ட்ரில் அங்கே சுழலும், இறங்காது. ஹெமர் உள்ள மெஷின் வேண்டும். அதிலும் பிட் ஒரு இடத்தில் மினுங்கலாகத் தேய்ந்து நின்றால் உள்ளே கம்பி, ஓரங்குலம் தள்ளி முயலுங்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவரில் நேர்மாறு: துளை உதிர்ந்து பெரிதாகிக்கொண்டே போகும். அங்கே காய்ந்த மரத்தில் ஆப்புச் சீவி அடித்து இறுக்கி, அதில் திருகாணியை ஏற்றுவார்கள் பழைய தச்சர்கள். இன்றைக்கும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பைப் ஐந்தடியைத் தாண்டினால் நடுவில் மூன்றாவது தாங்கி. மாட்டும்போது இரு கரையிலும் கடைசி வளையத்தைத் தாங்கிக்கு வெளியே விடுங்கள். சீலையை இழுத்து மூடும்போது கரை அங்கேயே நிற்கும், இடைவெளி விழாது.

வாடகை வீட்டுக்காரர்கள் துளையிடுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சம்மதிக்காவிட்டால் மர நிலையில் சின்னக் கொக்கி திருகி, ஸ்பிரிங் கம்பி. போகும்போது அந்தத் துளையை மெழுகால் அடைத்துவிடலாம்.

வாசல் சீலை, குசினி, சாமி அறை

எங்கள் வீடுகளில் யன்னலைவிட அறை வாசல்களில்தான் சீலை அதிகம். கதவு திறந்தே இருக்கும், மறைப்பு சீலையின் வேலை. இதைத் தரைவரை விடவேண்டாம், மூன்று அங்குலம் உயர்த்துங்கள். காலில் சிக்காது, காற்றும் கீழால் போகும். துணி மெல்லியதாகவும் ஒன்றரை மடங்குக்குள்ளும் இருந்தால் போதும்.

குசினியில் காஸ் அடுப்புக்குப் பக்கத்து யன்னலுக்கு நீளச் சீலையே வேண்டாம். காற்று வீசினால் நேரே தீயில்தான் போய் விழும், பொலியெஸ்டர் உருகி ஒட்டும். யன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும் இரு முனையிலும் கட்டிய சின்னப் பருத்தித் துண்டு போதும். சாமி அறைச் சீலையையும் விளக்குக்கு எட்டாத தூரத்தில் ஒதுக்கிக் கட்ட ஒரு பட்டி வையுங்கள்.

துவைப்பது

சீலையின் மடிப்பு நுளம்புக்குப் பிடித்த இடம், கடும் நிறமானால் இன்னும் பிடிக்கும். பகலில் பதுங்கியிருந்து கடிக்க வருவது டெங்கு நுளம்பாகவும் இருக்கலாம். ஒரு நாளைக்கு ஒருமுறை சீலையை உதறிவிடுங்கள்.

உப்புப் படிந்த துணி ஈரத்தை இழுத்து எப்போதும் பிசுபிசுக்கும். சவர்க்காரம் போடுவதற்கு முன் வெறுந்தண்ணீரில் ஒருதரம் அலசினால் உப்புப் போகும், பிறகு துவையுங்கள். கறள் கறைக்குத் தேசிக்காய்ப் புளியும் உப்பும் பூசி வெயிலில் வைப்பது பழைய வைத்தியம். வெள்ளைத் துணியில் நன்றாக வேலை செய்யும், நிறத்துணியில் அந்த இடம் வெளுத்துவிடும், முதலில் ஒரு மூலையில் பாருங்கள்.

வீட்டுச் சீலை எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றித் துவைக்க ஆவணி, புரட்டாதிதான் தோதான காலம். கச்சான் புழுதியும் போகும், துணியும் மொறுமொறுவென்று காயும். தீபாவளி நெருங்கட்டும் என்று காத்திருந்தால் மழை முந்திக்கொள்ளும். எங்கள் வீட்டில் போன முறை அப்படித்தான் ஆயிற்று: நாலு நாள் விறாந்தைக் கொடியில் ஈரச்சீலை தொங்க, தீபாவளியன்று வந்தவர்கள் எல்லாம் குனிந்துகொண்டுதான் உள்ளே வந்தார்கள்.